“எங்கள் ஆட்கள் எப்போதும் இந்தக் கட்சிதான்”: அமெரிக்கத் தேர்தல் பேச்சில் நீங்கள் எதிர்பாராமல் சந்தித்த ஒருவர் (அனுபவப் பகிர்வு)

ஆற்றங்கரை டாக்டர் (தெற்கு டெக்சஸ்)

தேர்தல் முடிந்து எவ்வளவோ காலம் ஆகிவிட்டது. இந்த ஒருவர் மட்டும் மனதை விட்டுப் போக மாட்டேன் என்கிறார். அதனால் நானே தொடங்கி வைக்கிறேன். கறுப்பர், லத்தீனோ, அரபு, ஆசியர், பழங்குடி, யாராக இருந்தாலும் சரி. ‘இவர் இந்தப் பக்கம்தான்’ என்று நாம் முடிவு கட்டிவிட்ட ஒருவர் வேறு மாதிரிப் பேசக் கேட்டிருந்தால் எழுதுங்கள். புள்ளிவிவரம் வேண்டாம், அது எல்லாரிடமும் இருக்கிறது.

நான் இருப்பது ஸ்டார் கவுண்டி. ஆற்றுக்கு அக்கரை மெக்சிகோ. இக்கரையிலும் நூற்றுக்கு 97 பேர் மெக்சிகோ வழியினர். 2016-இல் டிரம்ப் இங்கே வாங்கியது 19 சதவீதம். 2024-இல் ஜெயித்தே விட்டார். நூறாண்டுக்கும் மேலாகக் குடியரசுக் கட்சி வெல்லாத இடம். பத்திரிகைகள் எழுதித் தீர்த்துவிட்ட கதை இது.

என் நோயாளி எழுபதைத் தாண்டியவர். சர்க்கரை, காலில் ஆறாத புண். ஒரு நாள் அவரால் கிளினிக்குக்கு வர முடியவில்லை என்று நானே வீட்டுக்குப் போனேன். கூடத்தில் குவாடலூப்பே மாதா படம். பக்கத்திலேயே, அதே அளவு சட்டத்தில் ஜான் கென்னடி. இந்தப் பக்கத்து முதியவர்களின் வீட்டில் இந்த ஜோடியை நிறையப் பார்க்கலாம். 1960-இல் ‘விவா கென்னடி’ சங்கம் வைத்து ஓட்டுச் சேகரித்த தலைமுறை அது. இரண்டு படத்துக்கும் பொதுவாக ஒரு மெழுகுவத்தி. அதற்கு நேர் கீழே, டி.வி. மேல், டிரம்பின் சிவப்புத் தொப்பி.

நான் தொப்பியைப் பார்த்ததை அவர் கவனித்துவிட்டார். “தொப்பி பேரனுடையது” என்றார். கட்டைப் பாதி பிரித்த பிறகு, “ஓட்டு என்னுடையது” என்றார்.

பேரன் எல்லைக் காவல் படையில் இருக்கிறான். இங்கே நல்ல சம்பளமும் மருத்துவக் காப்பீடும் உள்ள வேலை என்றால் அதுதான். மகன் மேற்கு டெக்சஸ் எண்ணெய் வயலில். எண்ணெயிலிருந்து படிப்படியாக விலகுவோம் என்று 2020 விவாத மேடையில் பைடன் சொன்ன இரவே மகன் போன் செய்து, “அப்பா, கேட்டீர்களா?” என்றானாம். நான் சும்மா இருந்திருக்கலாம். “குடியேறிகளைத் துரத்துவேன் என்கிறாரே, அவர்கள் உங்கள் ஆட்கள் இல்லையா?” என்று கேட்டேன்.

“டாக்டர், என் பாட்டனுக்குப் பாட்டன் இந்த மண்ணில் மாடு மேய்த்தபோது இது அமெரிக்காவே இல்லை. 1848-இல் எல்லைதான் எங்களைத் தாண்டிப் போனது. இந்த அறையில் குடியேறி ஒருவர்தான். அவர் என் காலைப் பிடித்துக்கொண்டிருக்கிறார்.”

சொல்லிவிட்டுச் சிரித்தார். நான் பஞ்சை மருந்தில் நனைத்துக்கொண்டிருந்தேன்.

டெட்ராய்ட்காரன்

டெட்ராய்டை ஒட்டி அரபு மக்கள் நிறைந்த டியர்பார்ன், வாரன் அவென்யூ, 2024 அக்டோபர். அங்கே காலையில் மனாகிஷ் ரொட்டி வாங்கப் போவது என் வழக்கம். தெரியாதவர்கள் ஒரு முறை சாப்பிட்டுப் பாருங்கள். கடைக்காரர் தெற்கு லெபனான்காரர். 2020-இல் கடைக் கண்ணாடியில் பைடன் சுவரொட்டி ஒட்டியவர். அன்று கண்ணாடி வெறுமையாக இருந்தது. “இந்த முறை யாருக்கு?” என்று கேட்டேன்.

பதில் சொல்லாமல் மாவுக் கையோடு போனை எடுத்தார். திரை முழுக்க மாவு. இடுப்பில் கட்டியிருந்த துணியில் துடைத்தார், படம் வரவில்லை, மறுபடியும் துடைத்தார். கடைசியில் நீட்டினார். இடிந்த கான்கிரீட் குவியலுக்கு நடுவே ஒரு மாடிப்படி மட்டும் நிற்கிறது. “என் அக்காள் வீடு” என்றார். “அக்காள் பெய்ரூட்டில் ஒரு பள்ளிக்கூடத்தில் படுத்திருக்கிறாள். இஸ்ரேல் போட்ட குண்டு என் வரிப்பணம்.”

அவர் பசுமைக் கட்சியின் ஜில் ஸ்டைனுக்குப் போட்டார். மகன் டிரம்புக்கு. மனைவி போகவே இல்லை. ஊர் முடிவும் கிட்டத்தட்ட அந்த வீட்டைப் போலத்தான் வந்தது: டிரம்ப் 42, ஹாரிஸ் 36, ஸ்டைன் 18 சதவீதம். நான்கு ஆண்டுக்கு முன் பத்தில் ஏழு பேர் பைடனுக்குப் போட்ட ஊர் என்பதை நினைத்துப் பாருங்கள். 2024 பிப்ரவரியிலேயே மிச்சிகன் முழுக்க ஒரு லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் கட்சி உட்தேர்தலில் ‘யாருக்கும் இல்லை’ என்று குத்திக் காட்டினார்கள். காட்டியும் யாரும் பார்க்கவில்லை.

இன்னொன்று. ஆசிய, அரபு முஸ்லிம் என்றால் ஜனநாயகக் கட்சி என்பதே பழைய சங்கதி இல்லை. 2000-இல் இங்கே அரபு அமெரிக்கர்கள் பலர் புஷ்ஷுக்குப் போட்டவர்கள். வியாபாரி, குடும்ப ஒழுக்கம் பார்ப்பவர், பள்ளியில் என்ன புத்தகம் இருக்கிறது என்று கேட்பவர். 2022-இல் பள்ளி நூலகப் புத்தகங்களுக்காக டியர்பார்ன் கூட்டத்தில் கூச்சலிட்டவர்களில் என் பேக்கரிக்காரரும் ஒருவர்.

வல்வைப் பெண்

மாடிப்படி மட்டும் நிற்கும் வீடு எங்களுக்கும் தெரியும், அண்ணா.

2008-இல் எங்கள் ஆட்கள் சிலர் ‘ஒபாமாவுக்கான தமிழர்கள்’ என்று பெயர் வைத்தே வேலை செய்தார்கள். 2009 மே 13 அன்று ஒபாமா பேசினார். பொதுமக்கள் மேல் ஷெல் அடிப்பதை நிறுத்துங்கள் என்று அரசுக்கும், ஆயுதத்தைக் கீழே போடுங்கள் என்று புலிகளுக்கும் சொன்னார். 18-ஆம் தேதி எல்லாம் முடிந்துவிட்டது. 2012-இல் அப்பா தபால் வாக்குச் சீட்டை மேசையில் விரித்து, நீதிபதி முதல் பள்ளி வாரியம் வரை ஒவ்வொரு வட்டத்தையும் கறுப்பு மையால் நிரப்பினார். ஜனாதிபதி வரிசையை மட்டும் விட்டார். அம்மா விரலை வைத்துக் காட்டினார். “தெரியும்” என்று சொல்லி உறையை ஒட்டினார்.

கமிங் கந்தசாமி (ஜார்ஜியா)

வல்வைப் பெண்ணின் அப்பா மேல் மரியாதை உண்டு. ஆனால் வெறுமையாக விட்ட வட்டத்தை யார் எண்ணுகிறார்கள்? டெட்ராய்ட்காரன், உங்கள் பேக்கரிக்காரர் போட்ட ஓட்டால் அவர் அக்காளுக்கு ஒரு செங்கல் திரும்ப வந்ததா? கோபத்துக்கு ஓட்டுப் போடுவது எனக்குப் புரியாத விஷயம்.

என் அனுபவம் சின்னது. 2020 அக்டோபர், க்வின்னெட் கவுண்டி, முன்கூட்டி வாக்களிப்பு தொடங்கிய நாள். மணிக்கணக்கில் வரிசை. எனக்கு முன்னால் ஒரு கறுப்பினப் பாட்டி மடக்கு நாற்காலி, குடை, அவித்த வேர்க்கடலைப் பொட்டலம் சகிதம் வந்திருந்தார். கூடவே பேரன். பாட்டியின் தாயார் அலபாமாவில் பெயர் பதியப் போனபோது, ‘ஒரு சோப்புக் கட்டியில் எத்தனை குமிழி?’ என்று கேட்டுத் திருப்பி அனுப்பினார்களாம். 1965 வாக்குரிமைச் சட்டம் வந்த பிறகுதான் பதிய முடிந்ததாம். பேரன் கடலையைத் தின்றுகொண்டே, தான் டிரம்புக்குப் போடப் போவதாகச் சொன்னான். கொரோனா நிவாரணக் காசோலையில் அவர் பெயர்தான் இருந்ததாம். வரிசையே திரும்பிப் பார்த்தது. பாட்டி அசையவில்லை. “உள்ளே போய் என்ன வேண்டுமானாலும் செய்து தொலை. வரிசையிலிருந்து விலகினாயோ, காலை உடைப்பேன்” என்றார். அந்த மாநிலத்தில்தான் அடுத்த ஆண்டு, வரிசையில் நிற்பவருக்கு யாரும் தண்ணீர் கொடுக்கக் கூடாது என்று சட்டமே வந்தது.

சரி. இங்கே எழுதுகிற பலரும் வீடு வீடாகப் போய் ஓட்டுக் கேட்கிறவர்கள் அல்லது கேட்க ஆசைப்படுகிறவர்கள் என்பதால் சில விஷயங்களைச் சொல்லிவிடுகிறேன். முதலாவது, ‘உங்கள் ஆட்கள்’ என்ற சொல்லையே எடுக்காதீர்கள். டாக்டர் அதைச் சொல்லித்தான் வாங்கிக் கட்டிக்கொண்டார். லத்தீனோ என்பது ஒரு ஊர் இல்லை, ஒரு சாதி இல்லை. போர்ட்டோ ரிக்கோக்காரர் பிறக்கும்போதே குடிமகன், அவரிடம் போய் விசா பேசினால் கதவைச் சாத்துவார். ஆனால் தீவில் இருக்கும்வரை அவருக்கு ஜனாதிபதி ஓட்டு கிடையாது. ஃபுளோரிடாவின் கிசிமிக்கு வந்த பிறகுதான் கிடைக்கிறது. மெக்சிகோ வழியினரிடம் கியூபா பேசாதீர்கள், கியூபரிடம் மெக்சிகோ பேசாதீர்கள். வியட்நாமியர் வீட்டு வாசலில் சிவப்புக் கொடியில் மஞ்சள் நட்சத்திரம் போட்ட சட்டையோடு போய் நின்றுவிடாதீர்கள். அவர்கள் கொடி மஞ்சள், மூன்று சிவப்புக் கோடு. 1999-இல் கலிஃபோர்னியா வெஸ்ட்மின்ஸ்டரில் ஒருவர் தன் வீடியோ கடையில் ஹோ சி மின் படம் மாட்டியதற்கு வாரக்கணக்கில் ஆயிரக்கணக்கானவர்கள் திரண்டு நின்றார்கள்.

இரண்டாவது, கறுப்பினத்தவர் பகுதிக்கு ஞாயிற்றுக்கிழமை காலையில் போகாதீர்கள். தேவாலயம் முடிந்து வரும்வரை காத்திருங்கள். பல தேவாலயங்கள் அங்கிருந்தே பஸ் வைத்து வாக்குச்சாவடிக்கு அழைத்துப் போகும். உங்களுக்கு வேலையே இருக்காது. தெற்கில் அந்தப் பிணைப்பு ரத்தத்தோடு வந்தது. 2020 கட்சி உட்தேர்தலில் பைடனைக் கரையேற்றியது தென் கரோலினாவின் கறுப்பின முதியவர்கள்தான். அந்த மாநிலத்துக் காங்கிரஸ் உறுப்பினர் கிளைபர்ன் ஒரு வார்த்தை சொன்னார், முடிந்தது. சிகாகோவிலோ மில்வாக்கியிலோ ஓர் இளைஞனிடம் அதே பேச்சு எடுபடாது. அவன் வாடகையைப் பற்றிக் கேட்பான். மூன்றாவது, செருப்பு. நல்ல நடைச் செருப்பு வாங்குங்கள். தண்ணீர் பாட்டில் எடுத்துப் போங்கள். நாய் இருக்கும் வீட்டில் வேலிக்கு வெளியே நின்றே கூப்பிடுங்கள். நான்காவது,

(மீதியை நாளை எழுதுகிறேன், பேத்தி கூப்பிடுகிறாள்.)

வரிசையில் நிற்பவன் (லாஸ் வேகாஸ்)

கந்தசாமி ஐயா, யாரும் கேட்காத யோசனைக்கு நன்றி. நான்காவதுக்கு அவசரமே இல்லை.

எனக்கு ஓட்டே இல்லை. ஒரு நாட்டுக்கு ஏழு சதவீதம் என்ற கணக்கில் கிரீன் கார்டு வரிசையில் நிற்கிற லட்சக்கணக்கான இந்தியர்களில் ஒருவன். இருந்தும் 2024-இல் கதவைத் தட்டினார்கள். ஹோட்டல் தொழிலாளர் சங்கத்தின் சிவப்புச் சட்டை போட்ட ஃபிலிப்பினோ அம்மாள். பகலில் படுக்கை விரிக்கும் வேலை. தேர்தல் காலத்தில் விடுப்பு எடுத்து ஹாரிசுக்காகத் தெருத் தெருவாக நடக்கிறார். வெயிலில் வாடிப் போயிருந்ததால் உட்காரச் சொல்லி மோர் கொடுத்தேன். முகர்ந்து பார்த்துவிட்டுக் குடித்தார். பட்டியலை மடியில் வைத்துக்கொண்டு, தாழ்ந்த குரலில், “என் வீட்டுக்காரரை மட்டும் என்னால் மாற்ற முடியவில்லை” என்றார். கணவர் சூதாட்ட மேசையில் சீட்டுப் போடுபவர். சம்பளத்தைவிட டிப்ஸ்தான் அதிகம். டிப்ஸுக்கு வரி கிடையாது என்று டிரம்ப் இந்த ஊரில் வந்துதான் முதலில் சொன்னார். ஹாரிசும் பிறகு அதையே சொன்னார். “அவள் காப்பியடித்தாள் என்கிறார் அவர். நான் என்ன சொல்வது, காப்பிதானே?”

2004-க்குப் பிறகு முதல் முறையாக நெவாடா குடியரசுக் கட்சிக்குப் போனபோது எனக்கு அந்த வீட்டுச் சாப்பாட்டு மேசைதான் நினைவுக்கு வந்தது.

லெனின் (மயாமி பக்கம்)

கியூபரிடம் என்ன பேசக் கூடாது என்று கந்தசாமி ஐயா எழுதியிருக்கிறார். எனக்குப் பேசவே வேண்டியதில்லை. என் பெயர் லெனின்.

நாகப்பட்டினம் பக்கம், அப்பா விவசாயத் தொழிலாளர் சங்கத்தில் இருந்தவர். எங்கள் தெருவில் இந்தப் பெயரைக் கூப்பிட்டால் இன்னும் சிலர் திரும்புவார்கள். நான் வீட்டுக்குப் போய்ச் சிகிச்சை தரும் பிசியோதெரபிஸ்ட். வேலை முழுக்க ஹயலியாவில், அதாவது நாட்டிலேயே கியூபர்கள் மிகுதியாக வாழும் ஊர்களில் ஒன்றில். மார்பில் பெயர் அட்டை தொங்க வேண்டும் என்பது எங்கள் விதி.

கதவைத் திறந்த பாட்டிக்கு இடுப்பு எலும்பு மாற்று அறுவை முடிந்திருந்தது. வாக்கரைப் பிடித்தபடி நின்றார். மூக்குக் கண்ணாடியை உயர்த்தி அட்டையைப் படித்தார். உடனே ஒரு கையை வாக்கரிலிருந்து எடுத்துக் கதவைச் சாத்தப் பார்த்தார். எனக்கு அப்போது அரசியல் ஏதும் தோன்றவில்லை, அவர் விழுந்தால் இடுப்பு மறுபடியும் போய்விடுமே என்ற பயம்தான். கதவிடுக்கில் காலை வைத்து, இரண்டு கையாலும் வாக்கரைப் பிடித்துக்கொண்டேன். அவர் கத்துகிறார், நான் “பிடித்துக்கொள்ளுங்கள், பிடித்துக்கொள்ளுங்கள்” என்று எனக்குத் தெரிந்த அரைகுறை ஸ்பானிஷில் கத்துகிறேன். மகள் ஓடி வந்து பார்த்தபோது இருவரும் ஒரே வாக்கரில் தொங்கிக்கொண்டிருந்தோம்.

பாட்டியை 1961-இல், ஒன்பது வயதில், தனியாக விமானம் ஏற்றி அனுப்பியிருக்கிறார்கள். பெட்ரோ பான் திட்டம் என்பார்கள். பதினான்காயிரம் குழந்தைகள் அப்படி வந்தார்கள். அப்பாவின் மருந்துக் கடையைக் காஸ்ட்ரோ அரசு எடுத்துக்கொண்டது. பெற்றோர் பின்னால் வந்து சேரப் பல ஆண்டு ஆனது. இந்த வீட்டுக்குள் அந்தப் பெயர் வராது என்று மகள் மொழிபெயர்த்தார். கட்டுப் போடும் வெள்ளை டேப்பை அட்டையின் மேல் ஒட்டி ‘லியோ’ என்று எழுதினேன். உள்ளே விட்டார்.

பிறகு பழகிவிட்டோம். பாகுபோலச் சர்க்கரை போட்ட சிறிய காப்பி தருவார். ஒரு நாள், உன் அப்பனுக்கு என்ன பைத்தியம், ஏன் இந்தப் பெயர் வைத்தான் என்று கேட்டார். கீழ்வெண்மணியைச் சொன்னேன். 1968 டிசம்பர் 25, கூலி கேட்ட குற்றத்துக்கு 44 பேரை ஒரு குடிசையில் வைத்து எரித்தது, பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும். காப்பியைக் கீழே வைத்துவிட்டார். சிலுவைக் குறி போட்டார். “எங்கள் ஊரிலும் இப்படி உண்மையான கதையைச் சொல்லித்தான் ஆரம்பித்தார்கள்” என்றார்.

அதற்கு எனக்கு இன்றுவரை பதில் வரவில்லை.

2016-இல் ஹிலாரி 29 புள்ளி வித்தியாசத்தில் ஜெயித்த மயாமி-டேட், 2024-இல் டிரம்புக்கு 11 புள்ளி முன்னிலை தந்தது. கட்சிக்காரர்கள் ‘சோசலிசம் என்று பயமுறுத்திவிட்டார்கள்’ என்கிறார்கள். பாட்டியை யாரும் பயமுறுத்தவில்லை. அவர் பயத்தோடுதான் வந்து இறங்கினார். ஆனால் அவரைக் குளிப்பாட்ட வருகிற வெனிசுலாப் பெண்ணின் தற்காலிகப் பாதுகாப்பு அனுமதியை 2025-இல் அதே டிரம்ப் அரசு ரத்து செய்தபோது, “அவள் அப்படிப்பட்டவள் இல்லையே” என்று என்னிடமே முறையிட்டார். டிசம்பரில் மயாமி நகர மேயராக ஏறக்குறைய முப்பது ஆண்டுக்குப் பின் ஒரு ஜனநாயகக் கட்சிக்காரர் வந்தார். ஹயலியா வேறு நகரம், பாட்டிக்கு மயாமியில் ஓட்டில்லை. இருந்திருந்தாலும் போட்டிருக்க மாட்டார்.

கேரி கோமதி (வட கரோலினா)

லெனின் தம்பி, படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

என்னுடையது லம்பர்ட்டன். ஐ-95 சாலையில் வண்டி நின்றுவிட்டது. இழுவை வண்டிக்காரர் லம்பி பழங்குடியினர். கையேந்திக் கடையில் நிறுத்தி, எண்ணெயில் சுட்ட சோள ரொட்டி இரண்டுக்கு நடுவே காலர்ட் கீரையும் பன்றிக் கொழுப்பும் வைத்த சாண்ட்விச் வாங்கினார். நான் சைவம் என்றதும் கொழுப்பை எடுத்துத் தன் ரொட்டியில் வைத்துக்கொண்டு எனக்குக் கீரையை நீட்டினார். பழங்குடி என்றால் ஜனநாயகக் கட்சி என்று நானும் நினைத்திருந்தேன். அரிசோனாவில் நவஹோக்கள் குதிரையேறி வாக்குச்சாவடிக்குப் போன படத்தை 2020-இல் பார்த்த நினைவு. அங்கே பெரும்பாலும் அது உண்மையும்கூட.

இவர் ஒபாமாவுக்கு இரண்டு முறை, டிரம்புக்கு மூன்று முறை போட்டவர். ராப்சன் கவுண்டியும் அப்படியே. காரணம் கேட்டேன். விரல் விட்டு எண்ணினார். ஆலைகள் மூடியது, தேவாலயம், துப்பாக்கி. நாலாவது விரலை மடக்காமல் வைத்துக்கொண்டு, “1956” என்றார். அந்த ஆண்டு காங்கிரஸ் அவர்களைப் பழங்குடி என்று பெயரளவில் ஒப்புக்கொண்டு, பழங்குடிக்கான சலுகை ஏதும் கிடையாது என்று அதே சட்டத்தில் எழுதிவிட்டது. 2020-இல் பைடனும் முழு அங்கீகாரம் தருவேன் என்றார், டிரம்பும் தருவேன் என்றார். ஆனால் டிரம்ப் லம்பர்ட்டனுக்கே வந்து நின்று சொன்னார். “வந்து நின்றார்” என்பதை இழுவை வண்டிக்காரர் ஸ்டியரிங்கில் தட்டித் தட்டிச் சொன்னார்.

‘வெள்ளை இனவெறிக் கட்சி’ என்கிறார்களே என்று நான் வாயெடுத்தேன். அவர் மேற்கே கை காட்டினார். அந்தப் பக்கம் மாக்ஸ்டனில் 1958 ஜனவரியில் வெள்ளை இனவெறி அமைப்பான கு கிளக்ஸ் கிளான் கூட்டம் போட்டபோது, நூற்றுக்கணக்கான லம்பிகள் துப்பாக்கியோடு போய் விளக்கைச் சுட்டு அணைத்து, அத்தனை பேரையும் சதுப்புக் காட்டுக்குள் விரட்டினார்கள். தன் மாமாவும் போனாராம். “அதை எங்களுக்குச் சொல்லித் தர வேண்டாம், அம்மா.”

கந்தசாமி ஐயா, இதற்கு உங்கள் நான்காவது யோசனை என்ன?

கணக்கு வாத்தியார்

கதைகள் அருமை. ஆனால் கதைக்கு ஓர் அளவும் வேண்டும். பியூ ஆய்வு மையம், உண்மையில் ஓட்டுப் போட்டவர்களைச் சரிபார்த்து எடுத்த கணக்கு: 2024-இல் ஹிஸ்பானிக் வாக்காளரில் ஹாரிஸ் 51, டிரம்ப் 48. 2020-இல் அது 61, 36. ஆசியர் 57, 40. கறுப்பினத்தவர் 83, 15. ஆக, கறுப்பினத்தவரில் ஆறில் ஐந்து பேர் நகரவில்லை. கந்தசாமி பாட்டியை விட்டுவிட்டுப் பேரனைப் பற்றி எழுதுவதுபோலத்தான் பத்திரிகைகளும் எழுதுகின்றன.

நம் வீட்டையும் பார்ப்போமே. கார்னகி ஆய்வில் இந்திய வம்சாவளியினர் 2020-இல் பைடனுக்கு 72 சதவீதம், 2024-இல் ஹாரிசுக்கு 61. ஹாரிசின் தாயார் சென்னைக்காரர். தாத்தா ஊரான துளசேந்திரபுரத்தில் பூஜை, பதாகை, சாப்பாடு எல்லாம் நடந்தது. அதே நேரம் ஓஹையோவில் என் மைத்துனர் வீட்டு வாசலில் டிரம்ப் பலகை. உள்ளே மாமியார் கமலாவுக்காக விளக்கேற்றுகிறார். நான் போன அன்று மாமியார் காய்கறிப் பையை அந்தப் பலகையில் மாட்டிவிட்டுச் செருப்பைக் கழற்றினார். மைத்துனர் பையை எடுத்து உள்ளே வைத்தார். இருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை. 2026 ஆளுநர் தேர்தலுக்கு விவேக் ராமசாமி அங்கே களமிறங்கினார். மாமியாருக்கு அதிலும் ஒரு சிக்கல்: பையன் நம்ம பாலக்காட்டுப் பையன், ஆனால் கட்சி சரியில்லை.

குவீன்ஸ் குமுதா

கணக்கு வாத்தியாரே, ஆசியர் 57, 40 என்றால் யார் அந்த ஆசியர்? எங்கள் கட்டடத்தில் சலவை இயந்திர அறையில் சந்திக்கும் சீனத்து அம்மாளும் நானும் ஒரே கட்டத்தில்தான் வருவோம்.

2018-இல் சிறப்பு உயர்நிலைப் பள்ளிகளின் நுழைவுத் தேர்வை எடுத்துவிடப் போகிறேன் என்று அன்றைய நியூயார்க் மேயர் டி பிளாசியோ அறிவித்தார். அந்தப் பள்ளிகளில் கறுப்பின, லத்தீனோ பிள்ளைகள் மிகக் குறைவு, அது உண்மையான குறை. ஆனால் அந்த அம்மாள் உணவகத்தில் பன்னிரண்டு மணி நேரம் மாவு பிசைந்து பையனைப் பயிற்சி வகுப்புக்கு அனுப்பியவர். அதுவரை ஓட்டுரிமை இருந்தும் பெயர் பதியாதவர். பதிந்தார். துணி மடிக்கும் மேசையில் ஒரு சின்ன நோட்டைக் காட்டினார். பக்கம் பக்கமாகச் சீன எழுத்தில் பெயர்கள். மாநகராட்சி, சட்டமன்றம், மேலவை, எல்லாரும். ஒவ்வொரு பெயருக்கு எதிரே ஒரு சரி அல்லது ஒரு தவறு, சிவப்பு மையில், ஆசிரியர் போடுவதைப் போல. கட்சிப் பெயர் எங்குமே இல்லை. “தேர்வு வேண்டும் என்பவர், வேண்டாம் என்பவர். அவ்வளவுதான்” என்றார்.

2022-இல் சீனர்கள் நிறைந்த ஃபிளஷிங்கிலும் சன்செட் பார்க்கிலும் குடியரசுக் கட்சி ஓட்டு ஏறியதும் தொலைக்காட்சியில் வியந்தார்கள். கோயில் கேன்டீனில் தோசைக்கு நின்றபடி நான் அந்த நோட்டை நினைத்துக்கொண்டேன்.

கமிங் கந்தசாமி

பார்த்தீர்களா? தொப்பி, டிப்ஸ், தேர்வு, ரொட்டி. கொள்கை என்ற ஒன்று யாருக்காவது இருக்கிறதா? ஊசலாடும் கூட்டம். கோமதி அம்மா, நான்காவது யோசனையை இனி எழுதப்போவதில்லை.

பசேயிக் பக்கத்தில் (நியூ ஜெர்சி)

எழுதாமல் விட்டதற்கு மிக்க நன்றி, ஐயா.

எங்கள் தெருமுனைக் கடை டொமினிகன்காரருடையது. 2024-இல் அவர் டிரம்புக்குப் போட்டார். 1992-க்குப் பிறகு முதல் முறையாக எங்கள் பசேயிக் கவுண்டியும் அப்படியே சாய்ந்தது. முட்டை விலை, கடைத் திருட்டு, நியூயார்க்கில் புதிதாக வந்தவர்களுக்கு ஹோட்டல் அறை தருகிறார்களே, நான் வந்தபோது யார் தந்தார்கள் என்ற கேள்வி. அந்தக் கேள்வியை மட்டும் அவர் ஒருநாளும் விட்டதில்லை.

2025 கோடையில் மின் கட்டணம் திடீரென்று எகிறியது. குளிர்பானப் பெட்டியின் கண்ணாடிக் கதவில் மே மாத பில், ஜூலை மாத பில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டி, வித்தியாசத்தைப் பேனாவால் வட்டமிட்டிருந்தார். சோடா எடுக்கிறவர்கள் எல்லாரும் அதைப் படித்துவிட்டுத்தான் கதவைத் திறக்க வேண்டும். கட்டணத்தை உறைய வைப்பேன் என்று ஆளுநர் தேர்தலில் நின்ற ஜனநாயகக் கட்சியின் மைக்கி ஷெரில் சொன்னதும் அவருக்குப் போட்டார். கவுண்டியும் அவர் பக்கம் திரும்பியது. பக்கத்துத் தெருவில் முகமூடி போட்ட குடியேற்ற அதிகாரிகள் ஒரு சமையற்காரரைப் பிடித்துப் போனதும் காரணமா என்று கேட்டேன். “அதுவும்தான்” என்று சொல்லி, யாரும் கேட்கிறார்களா என்று வாசலைப் பார்த்தார். அதற்கு மேல் பேசவில்லை.

ஊசலாட்டம் என்கிறீர்கள். ஒபாமாவுக்கு இரண்டு முறை போட்டுவிட்டு 2016-இல் டிரம்பிடம் போன ஓஹையோ, அயோவா வெள்ளைக்காரரை யாரும் அப்படி ஏசவில்லை. அவர் மனதில் என்ன இருக்கிறது என்று அறிய, உணவகம் உணவகமாக நிருபர்களை அனுப்பினார்கள். என் கடைக்காரரின் பில்லைப் படிக்க ஒரு நிருபரும் வரவில்லை. உங்கள் வரிசையில் நின்ற அந்தப் பேரனிடமாவது நீங்கள் ஏதேனும் கேட்டீர்களா, இல்லை கடலை மட்டும்தான் வாங்கிக்கொண்டீர்களா?